கண்ணீர்ப் பத்தி

தலையில் துவாலையைப் போர்த்திக்கொண்டு அந்தப் பையன் விக்கி விக்கி அழுதான். அவனைச் சுற்றி உட்கார்ந்திருந்த பையன்களும் அழுதார்கள். அது போதாதென்று அவர்களுடைய வாத்தியாரும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நிருபர் சயோரிக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். நியாயமாகப் பார்த்தால் வெட்கப்பட வேண்டும்தான். ஆனால் அவள் நிலைமை அப்படி.

அவளுடைய பத்திரிகையில் ஒவ்வொரு ஜூலையிலும் 'கடைசிக் கோடை' என்றொரு பத்தி வரும். பள்ளிக் கிளப்புகளின் போட்டியில் ஜெயித்த அணி மறுநாளே வெளியூர் போய் அடுத்த சுற்று ஆடும். தோற்ற அணியில் பள்ளியின் கடைசி வருடமான மூன்றாம் ஆண்டில் படிக்கும் பையன்களுக்குக் கிளப் வாழ்க்கை அன்றோடு முடிந்தது. அந்தக் கடைசி நாள் கண்ணீரைப் படித்து, கூடவே இரண்டு சொட்டு விடுவதில் ஊருக்கே ஓர் ஆனந்தம்.

சயோரி இந்த வருடம் போய்ப் பார்த்த அணிகள் எதுவும் அழவில்லை. தோற்றுவிட்டுச் சிரித்துப் பேசிக்கொண்டே வீட்டுக்குப் போய்விட்டன.

"இன்னைக்கும் அழுகை கிடைக்கலைன்னா பத்தியை தெஷிமாகிட்ட குடுத்துடுவேன். நீ விவசாயப் பக்கத்துக்குப் போய் வெள்ளரிக்காயைப் பத்தி எழுது" என்று எடிட்டர் காலையிலேயே சொல்லிவிட்டார்.

அதனால்தான் இவாசுகா பள்ளியின் டேபிள் டென்னிஸ் கிளப்பைத் தேர்ந்தெடுத்தாள். முதல் சுற்றைத் தாண்டி அந்த அணியை ஊரில் யாரும் பார்த்ததில்லை. அந்த தைரியத்தில், எதிர்க்கடையில் குளிர்ந்த சோபா நூடுல்ஸை நிதானமாக உறிஞ்சி முடித்துவிட்டுத்தான் அரங்கத்துக்குள்ளேயே வந்தாள்.

"நீதானே தம்பி கேப்டன்? உன் பேர் என்னப்பா?"

"கனாதா" என்றது துவாலை.

"கடைசிப் பந்தை யார் அடிச்சது?"

கேட்டிருக்கக் கூடாது. முதலாம் ஆண்டுப் பொடியன் ஒருவன் துள்ளி எழுந்தான். "இவருதான்! கண்ணை மூடிக்கிட்டு ஒரு அடி அடிச்சாரு பாருங்க! சும்மா நின்னிருந்தாக்கூடப் போதும்!"

"டேய், சீனியர்கிட்ட பேசுற பேச்சாடா இது?" என்று பக்கத்திலிருந்தவன் அதட்டினான். அதட்டிவிட்டு அவனும் அழுதான்.

கனாதா துவாலையை விலக்கினான். மூக்கு தக்காளிபோல் சிவந்திருந்தது. "நான் என்னடா பண்ணுவேன்? எங்கேயோ போகும்னுதான் அடிச்சேன். அது மேசை விளிம்புல லேசா உரசிக்கிட்டுக் கீழ போயிடுச்சு."

சயோரி பரபரவென்று எழுதிக்கொண்டாள். டேபிள் டென்னிஸ் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பந்து வெள்ளையாக இருக்கும் என்பதுதான். அடுத்து வாத்தியார் பக்கம் திரும்பினாள்.

"உஷியாமா சார், பையன்களுக்கு என்ன சொல்லப் போறீங்க?"

"என்னத்தைச் சொல்றது! நான் கெமிஸ்ட்ரி வாத்தியாருங்க. மட்டையை எந்தப் பக்கம் பிடிக்கிறதுன்னே தெரியாது. வேற ஆள் இல்லைன்னு ஹெட்மாஸ்டர் இந்தக் கிளப்பை என் தலையில கட்டிட்டாரு. மூணு வருஷமா ஒரு ஞாயித்துக்கிழமைகூட நான் வீட்ல இருந்ததில்லை." அவர் குரல் உடைந்தது. "இப்ப என் பொண்டாட்டிக்கு நான் என்ன பதில் சொல்வேன்?"

தெரியாத விளையாட்டுக்காக இப்படி உருகுகிற ஒரு வாத்தியாரை சயோரி பார்த்ததே இல்லை. அவர்கள் எல்லார்மீதும் நிஜமாகவே ஒரு பாசம் வந்துவிட்டது.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே எதிரணிப் பையன்கள் ஒருவனைத் தோளில் தூக்கிக்கொண்டு, "ஹோ"வென்று கத்தியபடி ரயில் நிலையத்தைப் பார்த்து ஓடினார்கள்.

"கொஞ்சம்கூட இங்கிதமே இல்லை" என்றாள் சயோரி கோபமாக.

"விடுங்கக்கா" என்றான் கனாதா. "அவங்க குடுத்து வெச்சவங்க."

என்ன ஒரு பெருந்தன்மை! அதையும் எழுதினாள். படம் எடுத்தாள். எல்லாவற்றையும் அங்கேயே செல்போனில் தட்டி எடிட்டருக்கு அனுப்பினாள். அவரிடமிருந்து உடனே பதில் வந்தது: 'பிரமாதம். முதல் பக்கத்தில் போடுகிறேன். பத்தி இனி உனக்குத்தான்.'

வெள்ளரிக்காய் தப்பியது. அந்த நிம்மதியில் சயோரி கனாதாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

"இன்னைக்கு உலகமே முடிஞ்சுபோன மாதிரிதான் தம்பி இருக்கும். நாளைக்கு ஆத்தங்கரையில வாணவேடிக்கை இருக்கு இல்ல? போயிட்டு வா. மனசு லேசாகும்."

வாணவேடிக்கை என்றதும் அடங்கியிருந்த அழுகை மறுபடியும் பீறிட்டது. அரங்கத்தின் மறுகோடியில் தரை துடைத்துக்கொண்டிருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"அதுக்குத்தான்கா யுஸுனாவைக் கூப்பிட்டிருந்தேன்! ஸ்கூல்ல சேர்ந்த நாள்லேர்ந்து கேட்டுக் கேட்டு, இந்த வாரம்தான் வரேன்னு சொன்னா!"

"அப்புறம் என்ன? சந்தோஷமா அவளைக் கூட்டிக்கிட்டுப் போயேன்!"

"எப்படிக்கா போறது?" கனாதா மூக்கை உறிஞ்சினான். "நாங்க ஜெயிச்சுத் தொலைச்சுட்டோமே!"