ஐஸ் பை

குழந்தையின் நெற்றியிலும் கண்களிலும் டொக்டர் ஐஸ் பையை வைத்து அழுத்தியபோது அஷ்பாக் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பஸ்னா பிறந்து இருபத்திரண்டு நாள். காலையிலிருந்து பால் குடிக்கவில்லை. திகனயில் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, மனைவி அகீலாவோடு கண்டி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் குழந்தையின் உதடு வெளுத்துவிட்டது.

கட்டிலருகே இருந்த திரை, இதயம் நிமிடத்துக்கு இருநூற்று அறுபத்தெட்டுத் தடவை துடிப்பதாகக் காட்டியது.

முகம் சட்டென்று குளிர்ந்தால் இதயம் நிதானத்துக்கு வரலாம் என்றார் டொக்டர். வராவிட்டால் ஊசி.

குழந்தை வீறிட்டது. அஷ்பாக்குக்கு அந்தப் பையைப் பிடுங்கி எறியவேண்டும் போலிருந்தது.

அகீலா அழவில்லை. திரையை விட்டுக் கண்ணை எடுக்கவுமில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன. துஆ ஓதுகிறாள் என்று நினைத்தான். அவனுக்கு ஓர் ஆயத்துகூட ஞாபகம் வரவில்லை.

திடீரென்று திரையில் கோடு நேராக ஓடியது.

அவன் கட்டிலை நோக்கிப் பாய்ந்தான். அகீலா அவன் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"பொறுங்க. இப்ப வரும்."

ஒரு துடிப்பு வந்தது. இன்னொன்று. பிறகு வரிசையாக.

நூற்று நாற்பத்தாறு.

பஸ்னா பால் குடித்துத் தூங்கிய பிறகுதான் அஷ்பாக்குக்குப் பேச வாய் வந்தது.

"என்ன துஆ ஓதின?"

"ஓதல்ல. துடிப்ப எண்ணிட்டு இருந்த."

பேராதனை கெம்பஸில் மூன்று வருடமாக அவள் செய்த ஆராய்ச்சியே அதுதான். தவளையின் நெஞ்சில் மெல்லிய கம்பி பொருத்தித் தண்ணீருக்குள் இறக்குவாள். தலை முங்கியதும், மூளையிலிருந்து இறங்கும் ஒரு நரம்பு இதயத்தைப் பிடித்து மெதுவாக்கும். நாற்பது துடிப்பு பத்தாகும். அடுத்தது எப்போது வரும் என்று எண்ணிக்கொண்டே இருப்பாள். தவளை மேலே வந்து மூச்சிழுத்ததும் நரம்பு பிடியை விடும்; இதயம் மறுபடி ஓடும்.

நமக்கும் அந்த நரம்பு இருக்கிறது, குழந்தை முகத்தில் ஐஸ் வைப்பதும் அதை எழுப்பத்தான் என்றாள்.

அஷ்பாக்குக்கு வெட்கமாக இருந்தது. கடைக்கு வருகிறவர்களிடம் அவன், பெண்சாதி கெம்பஸில் படிப்பிக்கிறாள் என்றுதான் சொல்லிவந்தான். தவளை என்றால் சிரிப்பார்கள்.

"அதான் நீ பயப்படல்ல. எல்லாத் தவளையும் திரும்பி வந்திச்சி தானே?"

அகீலா குழந்தையின் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டாள். திரையில் நூற்று முப்பத்தெட்டு, நூற்று நாற்பது என்று எண்கள் அவசரமில்லாமல் மாறிக்கொண்டிருந்தன.

இல்லையென்று தலையசைத்தாள்.

அப்போதுதான், அன்று முதல் தடவையாக, அழுதாள்.