கிட்டாருக்குள் ஒரு கட்டை

தி.நகர் ஜவுளிக்கடைக்குக் காலையிலிருந்து துணிப் பேல் சுமந்ததில் உபைத்துக்கு இடுப்பு கழன்றுவிடும்போல் வலிக்கிறது. அந்த வலியோடு ஊரூர் குப்பத்தில் நண்பன் கருணாகரனின் வீட்டு வாசலில் குனிந்து, அவன் கிட்டாரைக் குப்புறப் போட்டு, அதன் முதுகுக் குழிக்குள் ஸ்பிரிங் பக்கத்தில் மரக்கட்டையைச் செருகுகிறான். கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் ஸ்பிரிங்கில் மிதக்கிறது; அதில் மாட்டிய இரும்புப் பிடியை அமுக்கினால் ஆடும். விரலில்லாத வலது கையைக் கருணாகரன் அதன்மேல் சாய்த்தாலே சுருதி ஓடிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் வாசித்துக் காட்டாவிட்டால் பாட்டுக் குழுவில் அவன் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவான். "புடியை அமுக்கி கம்பிய அழவெப்பியே மச்சி, இனிமே அது ஆடாது," என்கிறான் உபைத். "ஆட்டறதுக்கு கை எங்க கீது நைனா? நீதான் குடோன் லிஃப்ட் கதவ என் வெரலு மேல சாத்திட்டியே. அடி," என்கிறான் கருணாகரன். சுத்தியல் விழ விழக் கட்டை இறுகுகிறது. பிரிட்ஜ் இப்போது பாறைபோல் நிற்கிறது. மணிக்கட்டில் துணிபோட்டுக் கட்டிய பிக் தகட்டால் கருணாகரன் கம்பியைத் தட்டுகிறான். பிக் சரிகிறது. உபைத் இறுக்கிக் கட்டுகிறான். மறுபடியும் சரிகிறது. வெயில் வீடுகளுக்குப் பின்னால் இறங்க, மீன் கழுவிய தண்ணீர் சந்தில் ஓடுகிறது. "உடு மச்சி, டீ சாப்டலாம்," என்று கருணாகரன் கிட்டாரைச் சுவரில் சாய்க்கிறான். உபைத் துணியைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருக்கிறான். அவன் கருணாகரனுக்கு ஒரு கை கடன்பட்டிருக்கிறான்.