பெரியம்மா யானையின் முட்டி

நடந்தால் நோகும், நடக்காமலே இருந்தால் இன்னும் நோகும். அது என்ன, சொல்லுங்கள் பார்ப்போம். தேய்ந்த முட்டிதான்.

ஒரு காட்டில் பெரியம்மா யானைக்கு அப்படி ஒரு முட்டி இருந்தது. பாவம் என்று குட்டி யானை தினமும் தும்பிக்கையில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது. பெரியம்மா நின்ற இடத்திலேயே நின்றாள். ஆற்றில் இறங்கிக் குளித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. முட்டி இன்னும் இறுகிப்போனது.

முதுகில் உட்கார்ந்திருந்த கொக்கு, "காலை மெதுவாக மடக்கி நீட்டுங்கள், பெரியம்மா. விடிந்ததும் பத்து, சாயங்காலம் பத்து. பிறகு கொஞ்சம் நடை" என்றது.

"ஒற்றைக் காலில் நிற்கிற உனக்கு முட்டியைப் பற்றி என்ன தெரியும்?"

"முறை போட்டு இரண்டு காலிடமும் வேலை வாங்குகிறேனே."

பெரியம்மா சிரித்துவிட்டாள். முனகிக்கொண்டே பத்து முறை மடக்கி நீட்டினாள். நாள்தோறும் செய்தாள். சில வாரங்களில் ஆறு கண்ணில் படும் தூரம்வரை நடந்துவிட்டாள். அங்கே நின்று, "முட்டி பரவாயில்லை. ஆனாலும் இன்றைக்கு மட்டும் தண்ணீரை இங்கேயே கொண்டுவந்துவிடு, கண்ணு" என்றாள்.



குட்டி ஆற்றுக்குப் போய் வயிறு நிறையக் குடித்தது. பிறகு வெறும் தும்பிக்கையோடு திரும்பி வந்து, பெரியம்மாவின் பக்கத்தில் ஆற்றைப் பார்த்து நின்றது.