கறுப்புத் துணியில் வெள்ளை வட்டம்

மகள் மூன்றாவது தூணைத் தட்டியபோது சத்தம் மாறியது.

அதுவரை நாணயத்தின் விளிம்பு பட்ட இடமெல்லாம் டக், டக் என்று இறுகிய சத்தம். கை ஒரு சாண் கீழே இறங்கியதும் தொப் என்றது.

அவள் நிறுத்தினாள். அதே இடத்தில் மறுபடி தட்டினாள். மேலே, கீழே, இரண்டு பக்கமும் தட்டிக் காது கொடுத்தாள். பிறகு சாக்பீஸை எடுத்து, தூணைச் சுற்றியிருந்த கறுப்புத் துணியின் மேல் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம் போட்டாள்.

கார் நிறுத்தும் அந்தக் கீழ்த்தளத்தில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நேராக நின்றேன். எங்கள் குடும்பத்தில் யாரும் கூனி நின்றது கிடையாது.

கட்டடத்தின் மேல் இன்னொரு மாடி எழும்பப் போகிறது. அந்தப் பாரத்தைத் தாங்க, கீழே உள்ள பழைய தூண்களுக்குப் பிசின் தடவி, கார்பன் நார்த் துணியை உடம்போடு ஒட்டிய சட்டை மாதிரி சுற்ற வேண்டும். அந்த ஒப்பந்தம் என்னுடையது. ஒவ்வொரு தூணின் மூலையையும் பக்கத்தில் நின்று தேய்த்து மழுக்க வைத்தேன். கூரான மூலை நாரை அறுத்துவிடும்.

வேலையைச் சோதித்துக் கையெழுத்துப் போட உரிமையாளர் ஒரு நிறுவனத்தை அமர்த்தியிருந்தார். அந்த நிறுவனத்தின் இன்ஜினியர் என் மகள்.

வேறு ஆளை அனுப்பும்படி அவளே கேட்டுப் பார்த்தாள். இந்தச் சோதனை தெரிந்தவர் அங்கே வேறு யாரும் இல்லை. தனக்கு ஆட்சேபணை இல்லை என்று உரிமையாளரும் சொல்லிவிட்டார்.

ஆட்சேபணை இருந்தது டீக்கடை பெஞ்சுக்குத்தான்.

"அப்பன் சுத்துவான், மக கையெழுத்துப் போடுவா. வீட்டுக்குள்ளயே முடிஞ்சுபோச்சு" என்று, இந்த ஒப்பந்தம் கிடைக்காமல் போன கான்ட்ராக்டர் அங்கே உட்கார்ந்து பேசியது என் காதுக்கு வந்தது.

என் வேலையைப் பழித்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அவன் பழித்தது அவள் கையெழுத்தை. என் அப்பா கொத்தனார். அவர் எழுப்பிய சுவரில் ஒரு விரிசலைக் காட்ட இன்றுவரை ஒருவன் பிறக்கவில்லை. அந்தப் பெயர் எனக்குப் பின்னால் அவளிடம்தான் போக வேண்டும். கீறல் விழுந்த பெயரை நான் யாருக்கும் கொடுப்பதில்லை.

அதனால் சோதனையன்று வந்து பார்க்கும்படி அந்த கான்ட்ராக்டருக்கே சொல்லி அனுப்பினேன். வந்தான். சுவரில் சாய்ந்து, கல்யாணத்துக்கு வந்தவன்போலச் சிரித்துக்கொண்டு நின்றான்.

வட்டத்தைப் பார்த்துப் பதறியவன் என் மைத்துனன். மனைவியின் தம்பி, தொழிலில் என் கூட்டாளி. மகளுக்கு அருகில் போய்க் குரலைத் தாழ்த்தினான். அவன் தாழ்த்திய குரல் அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

"கண்ணு, அது உங்கப்பா கையால சுத்துன தூணு. எங்களையெல்லாம் சாப்பிடப் போங்கடான்னு விரட்டிட்டுத் தனியா நின்னு சுத்துனாரு. அதுல போயி வட்டம் போடறியே."

"மேல மாடி ஏறி உக்காரும்போது, யாரு சுத்துனதுன்னு கேட்டுட்டா உக்காரும்? கொஞ்சம் தள்ளி நில்லுங்க மாமா."

யாரோ சிரித்து, என்னைப் பார்த்ததும் அதை இருமலாக்கிக்கொண்டார்கள்.

மகள் என் பக்கம் திரும்பினாள். "கான்ட்ராக்டர், இந்த இடத்துல துணி ஒட்டல, உள்ள காத்து நிக்குது. வெட்டி எடுத்துட்டு மறுபடி ஒட்டுங்க. அப்புறம்தான் கையெழுத்து."

வேலையிடத்தில் அப்பா என்று கூப்பிடக் கூடாது என்பது நான் போட்ட சட்டம்.

"சரிங்க மேடம்" என்றேன்.

சாய்ந்திருந்தவனின் முதுகு சுவரை விட்டு நிமிர்ந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். திறந்த வாய் வீணாகக் கூடாதென்று ஒரு கொட்டாவி விட்டு மூடிக்கொண்டான்.

துணியில் ஒரு சுருக்கம் கண்டாலே, அதை அழுத்தி ஒட்டும் ரோலரைத் தூக்கி எறிகிற என்னிடம் இன்று சத்தமே இல்லையே என்று ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் அவர்களைக் கவனிக்கவில்லை. எனக்கு வேண்டியது நடந்துவிட்டது. வந்தவன் கண்ணால் பார்த்துவிட்டான். இனி எந்த பெஞ்சிலும் அவன் வாய் திறக்காது.

மகள் அடுத்தடுத்த தூண்களுக்குப் போனாள். அதே நிதானம்.

கடைசித் தூண் மூலையில் இருந்தது. அதுவும் நானே சுற்றியதுதான். சுவருக்கும் தூணுக்கும் நடுவில் ஓர் ஆள் ஒடுங்கி நுழையும் அளவுக்குத்தான் இடம். அங்கே யாரும் குனிந்து பார்க்க மாட்டார்கள். அவள் நுழைந்தாள். புடவையாக இருந்தால் முடிந்திருக்காது, பேன்ட்டோடு தரையில் முழங்கால் போட்டுத் தூணின் பின்பக்கம் கையை நீட்டினாள்.

டக், டக், டக்.

தொப்.

பின்னால் கட்டியிருந்த என் கைகள் அவிழ்ந்தன.

நானும் ஒடுங்கி நுழைந்து உட்கார்ந்தேன். அவளிடமிருந்து நாணயத்தை வாங்கி அதே இடத்தில் தட்டினேன்.

தொப்.

அவள் சாக்பீஸைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். அவள் கையிலிருந்து அதை வாங்கி, வட்டத்தை நானே போட்டேன்.

"ரெண்டையும் வெட்டி ஒட்டிடறேன் மேடம்" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

மூன்றாவது தூணில் அந்த உள்ளங்கை அகலத்தை நானாகத்தான் ஒட்டாமல் விட்டிருந்தேன்.

இதை நான் விடவில்லை.