மாடிக்கு எட்டாத சிக்னல்

“இதுவும் சரிப்படாதுப்பா. எங்க கம்பெனி வேலைக்கு இந்தப் பவர் பத்தாது.”

லேப்டாப்பில் போடும் மூன்றாவது வைஃபை கார்டையும் குமரகுரு கண்ணாடி மேஜைமேல் தள்ளி வைத்தான். கடைக்காரர் டேனியல் அலுத்துக்கொள்ளாமல் அலமாரியைத் திறந்தார். குமரகுருவின் பக்கத்தில் அவன் மனைவி ஜெயப்ரியா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

உண்மையில் குமரகுருவுக்குக் கம்பெனியே கிடையாது. ஆடி மாதமே அவனை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள், இப்போது மார்கழி. வீட்டிலிருந்தே பார்த்த வேலை என்பதால், அது போனதை மறைப்பதும் சுலபமாகப் போயிற்று.

காலையில் குளித்து, நல்ல சட்டையாக மாட்டிக்கொண்டு மாடி அறைக்குப் போய்விடுவான். லேப்டாப்பைத் திறந்து வைத்து, காதில் ஹெட்போனோடு, இல்லாத மேனேஜருக்கு இங்கிலீஷில் பதில் சொல்வான். கம்பெனி கடைசியாகக் கணக்குத் தீர்த்துக் கொடுத்ததைத்தான் சம்பளம் என்று மாதாமாதம் ஜெயப்ரியாவிடம் நீட்டிக்கொண்டிருந்தான்.

அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். “ஏங்க மொகம் ஒரு மாதிரியா இருக்குது?” என்று அவள் கேட்டபோது, “மாடியில நெட்டே எடுக்கல, அதான் டென்ஷன்” என்று உளறி வைத்தான். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? அடுத்த ஞாயிற்றுக்கிழமையே, பிள்ளையார்பாளையத்து வீட்டிலிருந்து அவனை ஸ்கூட்டரில் ஏற்றிக் கடைக்கு அழைத்து வந்துவிட்டாள்.

கார்டுக்கான காசும் அவளுடையதுதான். மாமனாரோடு தறியில் உட்கார்ந்து, கோர்வைப் புடவைக்குத் தனி நிறக் கரை நெய்து சேர்த்தது. பட்டு நூல் இழுத்து இழுத்துக் காய்த்துப்போன அந்த விரல்களைப் பார்க்கத் துணிவில்லாமல்தான் அவன் கார்டுகளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏதாவது குறை சொல்லி, வாங்காமலே திரும்பிவிட வேண்டும். அவள் காசு வீணாகாமல் இருந்தால் போதும்.

டேனியல் நாலாவது கார்டை எடுத்து வைத்தார். “இதப் பாருங்க சார். ஹை பவர், ரெண்டு ஆண்டெனா. லேப்டாப்பைப் பிரிக்கவே வேணாம், யூஎஸ்பில சொருகிக்கலாம்.”

“அஞ்சு கிகாஹெர்ட்ஸ்னா செவுத்தைத் தாண்டாதேப்பா.”

“ரெண்டு பாயிண்ட் நாலும் இதுல இருக்குது சார். மோடம் கீழ இருந்தாலும் மாடிக்கு எடுக்கும்.”

“இதுக்கு டிரைவர் சாஃப்ட்வேர் தேடிக்கினு அலையணுமே?”

“நானே போட்டுக் குடுக்குறேன்.”

குமரகுருவிடம் சாக்குகள் தீர்ந்துகொண்டே வந்தன. அப்போதுதான் ஜெயப்ரியா முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

“ஏண்ணா, இதைப் போட்டா வீடியோ நிக்காம ஓடுமா? கலர் மாறாம தெரியுமா?”

“கலரு கேமரா விஷயம்மா. ஆனா படம் ஒடையாம ஓடும்.”

நெசவுக்காரிக்கு எங்கே போனாலும் கலர் கவலைதான் என்று குமரகுரு நினைத்துக்கொண்டான். வேறொரு நாளாயிருந்தால் கிண்டல் செய்திருப்பான்.

அதைப் போட, குமரகுரு தோள்பையில் கொண்டுவந்திருந்த லேப்டாப்பை டேனியல் வாங்கித் திறந்து பார்த்தார். புருவம் சுருங்கியது. “உள்ள இருக்கிற கார்டே நல்லாத்தான் இருக்குது சார். தெருவுல இருக்கிற சிக்னல் எல்லாம் புடிக்குது பாருங்க.”

குமரகுரு அவசரமாக லேப்டாப்பை மூடக் கை நீட்டினான். மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தான்.

“மாடி ரூம்ல எடுக்கலண்ணா. நானே ஒக்காந்து பாத்தேன்” என்றாள் ஜெயப்ரியா. “இதையே குடுங்க.”

பணத்தைக் கொடுத்து, பெட்டியை அவன் கையில் திணித்துவிட்டு வெளியே நடந்தாள். கைக்குள் அடங்கும் சின்னப் பெட்டிதான். அதைப் பிடித்துக்கொண்டு ஸ்கூட்டர்வரை நடப்பதற்குள் அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இதற்கு மேலும் மறைத்தால் நான் மனுஷனே இல்லை என்று தோன்றியது.

“ப்ரியா... எனக்கு வேலை போயிடுச்சு. ஆடியிலயே போயிடுச்சு. ஒன்கிட்ட பொய் சொல்லிட்டேன்.”

அவள் சாவியைத் தேடுவதை நிறுத்தவில்லை. “தெரியும்.”

“தெரியுமா? எப்படி?”

“போன மாசம் ஒரு நாளு மத்தியானம் கரண்ட் போயி, மோடம் அணைஞ்சு கெடந்துச்சு. மேல நீங்கபாட்டுக்கு மீட்டிங்ல பேசிக்கினு இருந்தீங்க.”

அவன் தலை குனிந்தது. ஃபேன் தேவைப்படாத குளிர். லேப்டாப்பில் சார்ஜ் இருந்தது. கீழே அப்பாவின் தறிச் சத்தமும் நிற்கவில்லை. கைத்தறிக்கு ஏது கரண்ட்? மின்சாரம் போனதே அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

“அப்பவே கேட்டிருக்கலாம் இல்ல?”

“நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்.”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அவள் இவ்வளவு நாள் ஒன்றும் தெரியாதவளைப் போல மாடிக்குக் காபி கொண்டுவந்து வைத்ததை நினைக்க நினைக்க அவமானம் பிடுங்கித் தின்றது. கையிலிருந்த பெட்டியை நீட்டினான்.

“வேலையே இல்லாதவனுக்கு எதுக்கு இந்தக் கார்டு? வா, திருப்பிக் குடுத்துடலாம்.”

அவள் பெட்டியை வாங்கித் தன் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

“ஒங்களுக்குன்னு யாருங்க சொன்னா? வீட்டு மாடியிலேருந்தே வீடியோல பொடவை காட்டி விக்கிற வேலைக்கு நாளைலேருந்து நான் சேர்றேன்.”