செவ்வாய்க்கிழமைக்குச் சாட்சி

எடின்பரோவின் ஆகஸ்ட் நாடக விழாவில், மதியம் மூன்று மணிக்கு, ஒரு மதுக்கடையின் நிலவறையில் நாற்பது நாற்காலிகள் போட்டிருக்கின்றன. வந்திருப்பவள் மோரக் என்ற வயதானவள் மட்டும். நனைந்த மழைக்கோட்டு அவள் மடியில் சொட்டிக்கொண்டிருக்கிறது. சிற்றூரில் துப்பறியும் அசட்டு இன்ஸ்பெக்டராகத் தனியாளாய் நடிக்கும் ஃபெர்கஸ், பிய்ந்துவரும் ஒட்டுமீசையை அழுத்தியபடி, "யாரும் எடத்த விட்டு அசையக் கூடாது!" என்று காலி நாற்காலிகளை அதட்டுகிறான். மாடியில் வேறு யாருடைய நாடகத்துக்கோ கூட்டம் சிரிக்கும் சத்தம் மரப்பலகை வழியே இறங்குகிறது. பூதக்கண்ணாடியை மூக்கில் இடித்துக்கொண்டு அவளிடம் குனிகிறான். "செவ்வாக்கிழம இதே நேரத்துக்கு எங்கம்மா இருந்தீங்க?" "வீட்லதான்." "அதுக்கு சாட்சி?" சிரிப்புக்கென்றே எழுதிய கேள்வி. அவளோ நிஜமாகவே யோசிக்கிறாள். "யாருமில்ல தம்பி. போன வருஷம்னா அவரு இருந்திருப்பாரு." பென்சில் நோட்டின்மேல் அப்படியே நிற்கிறது. "செவ்வாக்கிழம நீங்க எங்க இருந்தீங்க, இன்ஸ்பெக்டர்?" என்று அவளே கேட்கிறாள். மீசை கழன்று விழுகிறது. அவன் குனிந்து எடுக்கவில்லை. "இங்கதாம்மா. முழுசா நடிச்சு முடிச்சேன்." "சாட்சி?" மஞ்சள் விளக்கொளியில் வரிசை வரிசையாகப் பார்த்துவிட்டு அவன் சொல்கிறான்: "நாப்பது நாற்காலி."