பழைய போனில் எடுக்காது

வைஃபை செக்யூரிட்டியை மாற்றித்தர வந்தவன் ரௌட்டர் பக்கத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்தான். உள்ளறையில் டிவியோ எதுவோ செய்தி வாசித்துக்கொண்டிருந்தது.

“புது செட்டிங் போட்டா யாரும் நெட்டைத் திருட முடியாதும்மா. ஆனா பழைய போன்ல எடுக்காது. வீட்ல பழைய போன் இருக்கா?”

“என் வீட்டுக்காரரோடது இருந்துச்சு. அதைக் கையை விட்டுக் கீழ வைக்கவே மாட்டார். பெட்டியில அவர் கையிலயே வச்சுப் புதைச்சுட்டோம். இப்ப நான் மட்டுந்தான்.”

“அப்ப புதுசே போட்டுடலாம்.” அழுத்தினான்.

உள்ளே செய்தி பாதியில் நின்றது. யாரோ செருமினார்கள்.

“ஏய், நெட் போயிடுச்சா?”

அவன் விரல் அப்படியே நின்றது. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

“பழையதையே போட்டுடு தம்பி. திருடுறவன் திருடிட்டுப் போறான். சத்தமில்லாட்டி வீடு வெறிச்சுன்னு ஆயிடும்.”